குஞ்சை எண்ணும் முன் தாயைக் கேளுங்கள்

புத்தளம், சிலாபம் பகுதிகளில் இறாலை நம்பிப் பிழைப்பவர்கள் குளம் வைத்திருப்பவர்கள் மாத்திரமல்லர். தீவனக் கடை நடத்துபவர், ஐஸ் விற்பவர், லொறி ஓட்டுபவர், ஜெனரேட்டர் திருத்துபவர், அறுவடை நாளில் தராசோடு வந்து நிற்கும் தரகர் என்று நம் சமூகத்தவர் பலரின் வருமானம் அந்தக் குளத்துத் தண்ணீரில்தான் இருக்கிறது. குளம் நிறைந்தால் கடைத்தெருவே நிறைகிறது. குளம் செத்தால் கடன் கொடுத்தவரும் வாங்கியவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாமல் போகிறது.

வியாபார விடயங்களை எழுதுபவன் என்பதால் "இறாலில் காசு போடலாமா?" என்று என்னிடம் கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்குக் குளத்தின் பரப்பு தெரியும், தீவன விலை தெரியும், கம்பனிக்காரர் கிலோவுக்கு என்ன தருகிறார் என்பதும் தெரியும். குஞ்சு எங்கே வாங்கப் போகிறீர்கள் என்று கேட்டால் ஒரு ஹெச்சரியின் பெயரைச் சொல்வார்கள். அந்தக் குஞ்சின் தாய் எங்கிருந்து வந்தது என்று கேட்டால்தான் பதில் வருவதில்லை.

இந்த வாரம் நான் எழுத எடுத்துக்கொண்டது அந்தக் கேள்வியைத்தான். இறால் வளர்ப்பின் மொத்தச் செலவில் பெரும் பங்கு தீவனத்துக்குப் போகிறது. குஞ்சுக்குப் போவது சிறிய பங்குதான். ஆனால் அந்தச் சிறிய செலவே பெரிய செலவெல்லாம் கைகூடுமா, வீணாகுமா என்பதைப் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. அந்தக் குஞ்சின் தரமோ, அது பொரிப்பதற்கு முன்பே, தாய் இறாலிடத்தில் பாதி முடிவாகிவிடுகிறது.

கடலிலிருந்து வந்த தாய்

கோழிப் பண்ணைக்காரர் எவரும் காட்டுக் கோழியைப் பிடித்து வந்து முட்டையிட வைப்பதில்லை. தலைமுறை தலைமுறையாகக் கூண்டில் வளர்ந்து, தெரிவு செய்யப்பட்ட தாய்க் கோழிகளிலிருந்தே குஞ்சுகள் வருகின்றன. இறால் தொழில் அப்படி வளரவில்லை. நீண்ட காலமாக அது கடலில் பிடித்த தாயை நம்பியே நடந்தது.

இறாலைத் தொட்டியில் முட்டையிட வைத்துப் பொரிக்கச் செய்யலாம் என்று முதலில் காட்டியவர் ஜப்பானைச் சேர்ந்த மோட்டோசாகு ஃபுஜினாகா. 1930களில் அவர் குருமா என்ற ஜப்பானிய இறாலில் இதைச் செய்தார். பொரித்த நுண்ணிய குஞ்சுகளுக்குக் கடற்பாசியில் ஒரு வகையான டயட்டமைத் தீனியாகக் கொடுத்து வளர்த்தார். அவருடைய விரிவான ஆய்வு 1942இல் வெளியானது. நமக்குப் பழக்கமான டைகர் இறாலில் அதே வேலையை 1968இல் தாய்வானில் லியாவோ ஐ சியு செய்து முடித்தார். அதன்பிறகு ஆசிய நாடுகளில் ஹெச்சரிகள் பெருகின. நமது வடமேல் கரையோரத்தில் 1980களில் இத்தொழில் பரவியது.

இந்த ஹெச்சரிகள் எல்லாவற்றுக்கும் ஒரே ஏற்பாடுதான். மீனவர்கள் ஆழ்கடலில் பிடிக்கும் பெரிய பெண் டைகர் இறாலை உயிரோடு கொண்டு வருவார்கள். ஹெச்சரி உரிமையாளர் விலை பேசி வாங்குவார். அந்தத் தாய் முட்டையிடும், குஞ்சு வளரும், தாயின் வேலை அத்தோடு முடியும். அடுத்த தடவை மறுபடியும் கடலுக்குப் போக வேண்டும். எனவே கடலில் தாய் கிடைக்காத பருவத்தில் குஞ்சு விலை ஏறும். வேறொரு ஆபத்தும் கூடவே வந்தது. கடலிலிருந்து வரும் தாய் என்ன நோயைச் சுமந்து வருகிறது என்பது எவருக்கும் தெரியாது.

1996 கற்பித்த பாடம்

1990களின் தொடக்கத்தில் கிழக்கு ஆசியாவில் தலைகாட்டிய வெண்புள்ளி வைரஸ் நோய் சில வருடங்களுக்குள் ஆசியா முழுவதும் பரவி, 1996இல் இலங்கையின் பண்ணைகளையும் பிடித்தது. இந்நோய் வந்த குளத்தில் சில நாட்களுக்குள்ளேயே பெரும்பாலான இறால் செத்துவிடும். ஓட்டில் வெள்ளைப் புள்ளிகள் தெரியும்போது செய்வதற்கு எதுவும் மிச்சம் இருக்காது. வைரஸ் நோய் என்பதால் மருந்தும் கிடையாது.

நமது பகுதியின் அமைப்பும் நோய்க்கு உதவியது. சிலாபம் களப்பு, முந்தல் களப்பு, புத்தளம் களப்பு மூன்றையும் ஒல்லாந்தர் கால்வாய் இணைக்கிறது. ஒரு பண்ணை வெளியேற்றும் தண்ணீரை இன்னொரு பண்ணை உள்ளே இறைக்கிறது. ஆகவே ஒருவர் வாங்கிய நோயுற்ற குஞ்சு அவருடைய குளத்தோடு நிற்பதில்லை.

அதன் பிறகு பல கட்டுப்பாடுகள் வந்தன. 1998ஆம் ஆண்டின் 53ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைக்கப்பட்ட தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபை, அதாவது நாம் நெக்டா என்று அழைக்கும் நிறுவனம், இத்துறையைக் கண்காணிக்கிறது. பண்ணைப் பகுதிகளை வலயங்களாகப் பிரித்து, எந்த வலயம் எந்த மாதத்தில் குஞ்சு விடலாம் என்று நாட்காட்டி போடும் முறை வந்தது. குஞ்சுகளை பி.சி.ஆர். பரிசோதனை செய்வதும் வழக்கத்துக்கு வந்தது. இவை அனைத்தும் பயனுள்ளவை. ஆனால் இவையெல்லாம் நோயின் பயணத்தைத் தடுக்கும் வேலிகள். நோய் நுழையும் முதல் வாசல் தாய் இறால்.

ஹெச்சரிக்குள் நடப்பது என்ன?

தாயின் முக்கியத்துவம் விளங்க வேண்டுமானால் ஹெச்சரிக்குள் நடப்பதைத் தெரிந்திருக்க வேண்டும். காசு போடுபவர் அதன் தொழில்நுட்பம் முழுவதையும் கற்க வேண்டியதில்லை. படிமுறையை அறிந்திருந்தால் போதும்.

தாய் இறால்களை வைக்கும் அறை அமைதியாகவும் மங்கலான வெளிச்சத்தோடும் இருக்கும். கருமை நிற வட்டத் தொட்டிகளில் சுத்திகரித்த கடல் நீர் இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கும். தண்ணீரின் சூடு 28 பாகை செல்சியசுக்கு அண்மையில் இருக்க வேண்டும். கணவாய், மட்டி, கடற்புழு போன்ற சத்துள்ள உணவு நாளுக்குப் பல தடவை கொடுக்கப்படும். டைகர் இறாலில் தாய்க்குத் தெரிவு செய்யும் பெண் 100 கிராம் அளவிலாவது இருப்பதையே விரும்புவார்கள்.

இவ்வளவு வசதி செய்து கொடுத்தாலும் அடைத்து வைத்த இறால் எளிதில் சினைப்படுவதில்லை. அதற்குக் காரணம் அதன் கண்ணில் இருக்கிறது. இறாலின் கண் ஒரு சிறு தண்டின் முனையில் உள்ளது. அந்தத் தண்டுக்குள் இருக்கும் சுரப்பி, சினை முதிர்வதைத் தடுக்கும் ஓமோனைச் சுரக்கிறது. ஒரு கண் தண்டை அகற்றினால் தடை குறைந்து சினை வேகமாக முதிரும் என்பதை 1943இல் பானூஸ் என்ற பிரெஞ்சு ஆய்வாளர் வேறொரு வகை இறாலில் கண்டார். 1970களில் ஹெச்சரிகள் இதைக் கைக்கொண்டன. ஒரு கண் தண்டு அகற்றப்பட்ட பெண், ஒரு வாரத்துக்குள்ளேயே முட்டையிடத் தயாராகிவிடுவது சாதாரணம். இதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

சினை முதிர்ந்ததா என்று பார்க்க இரவில் டோர்ச் வெளிச்சம் அடிப்பார்கள். முதிர்ந்த பெண்ணின் முதுகு நெடுகக் கரும்பச்சைப் பட்டை ஒன்று தெரியும். அதைத் தனித் தொட்டிக்கு மாற்றினால் நள்ளிரவை அண்டிய நேரத்தில் முட்டையிடும். டைகர் இறால் ஒரு தடவையில் இரண்டரை இலட்சம் தொடக்கம் எட்டு இலட்சம் வரை இடக்கூடும். பெரிய உடம்புக்காரிக்கு அதிகம்.

மறுநாளே முட்டை பொரிக்கும். முதல் இரண்டு நாட்கள் குஞ்சுக்குத் தீனி வேண்டாம், முட்டையின் மஞ்சட்கருவே போதும். இது நோப்ளியஸ் பருவம். அடுத்த ஐந்து நாட்களளவு சோயியா பருவம், நுண்பாசியைத் தின்னும். பின்னர் மூன்று நான்கு நாட்கள் மைசிஸ் பருவம். இதில் ஆர்ட்டீமியா என்ற நுண்ணிய உப்புநீர் உயிரினத்தைக் கொடுப்பார்கள். அதன் பிறகுதான் நாம் பி.எல். என்று அழைக்கும் குஞ்சு. பி.எல். 15 என்றால் அந்தப் பருவத்துக்கு வந்து 15 நாள் என்று அர்த்தம். ஆகவே முட்டையிலிருந்து விற்பனை வரை ஏறக்குறைய நான்கு வாரங்கள் செல்கின்றன.

ஒரு தாய், ஒரு ஹெக்டயர்

இப்போது ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு தாய் 4 இலட்சம் முட்டை இடுகிறது என்று வையுங்கள். அதில் 70 வீதம் பொரித்தால் 2 இலட்சத்து 80 ஆயிரம். அதில் 40 வீதம் பி.எல். வரை தப்பினால் 1 இலட்சத்து 12 ஆயிரம் குஞ்சுகள். ஒரு ஹெக்டயர் என்பது 10,000 சதுர மீற்றர். சதுர மீற்றருக்கு 11 குஞ்சு வீதம் விட்டால் அந்த ஒரு தாயின் பிள்ளைகளே ஒரு ஹெக்டயர் குளத்தை நிரப்பிவிடும்.

இக்கணக்கின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். அந்த ஒரு தாயில் வெண்புள்ளி வைரஸ் இருந்தால் ஒரு ஹெக்டயர் குளமும், அதற்குள் நான்கு மாதம் கொட்டப்போகும் தீவனமும், அந்தத் தீவனத்தைக் கடனாகக் கொடுத்த கடைக்காரரின் கைமுதலும் ஒன்றாகப் போய்விடும். முட்டைகளையும் நோப்ளியஸ்களையும் சுத்தமான கடல் நீரிலும் அயடீன் கரைசலிலும் கழுவி ஆபத்தைக் குறைக்கலாம். நல்ல ஹெச்சரிகள் இதைச் செய்கின்றன. ஆனாலும் ஆபத்து குறையுமே தவிர இல்லாமல் போகாது.

சுற்றை மூடுதல்

இதற்குத் தீர்வு, தாயையே பண்ணைக்குள் உருவாக்குவது. முட்டையிலிருந்து குஞ்சு, குஞ்சிலிருந்து பெரிய இறால், அதிலிருந்து அடுத்த தாய் என்று கடலைத் தொடாமலே சுற்றை மூடுவது.

இதில் பெரிய வெற்றி கண்டது வன்னாமி இறாலில். மெக்சிக்கோ தொடக்கம் பெரு வரையான பசிபிக் கரைதான் அதன் தாயகம். அமெரிக்காவின் ஹவாய் தீவுகளில் உள்ள சமுத்திர ஆய்வு நிறுவனம் 1990களின் தொடக்கத்தில் இந்த இனத்தில் எஸ்.பி.எஃப். எனப்படும் தாய்களை உருவாக்கியது. குறிப்பிட்ட நோய்க்கிருமிகள் அற்ற தாய் என்பதே அதன் பொருள்.

அதை உருவாக்கும் முறையில் நமக்கும் ஒரு பாடம் உண்டு. கடலிலிருந்து பிடித்த இறால்கள் முதலில் தனிமைப்படுத்தப்பட்டு, ஒவ்வொன்றும் பரிசோதிக்கப்படும். நோயுள்ளவை அழிக்கப்படும். தப்பியவையும் நேராக வளர்ப்பு நிலையத்துக்குப் போவதில்லை. அவை தனிமைப்படுத்திய இடத்திலேயே முட்டையிடும். பிள்ளைகள் மறுபடியும் மறுபடியும் பரிசோதிக்கப்பட்டு, சுத்தம் என்று உறுதியான பின்னரே உள்ளே எடுக்கப்படும். வெளியிலிருந்து வந்த எந்த இறாலும் அந்த வாசலைத் தாண்டுவதில்லை. இப்படி இரண்டு வருடமளவு தொடர்ந்து சுத்தமென்று காட்டிய பின்னர்தான் எஸ்.பி.எஃப். என்ற பெயரைக் கொடுப்பார்கள்.

வன்னாமியில் இது கைகூடியதற்கு அந்த இனத்தின் இயல்பும் காரணம். அதன் தாய் 40 கிராம் அளவிலேயே முட்டையிடத் தகுதி பெறும். அடைத்து வைத்தாலும் நன்றாகவே இணையும். ஓடு இறுகிய நிலையில், முட்டையிடும் அன்று மாலையே அது இணைகிறது. டைகர் இறாலோ பெண் ஓடு கழற்றிய உடனே, உடம்பு மெதுவாக இருக்கும் சிறிது நேரத்தில்தான் இணையும். அடுத்த தடவை ஓடு கழற்றும்போது பெற்ற விந்துப் பையும் போய்விடும். தொட்டியில் பிறந்து வளர்ந்த டைகரில் ஆணின் விந்துத் தரமும், பெண்ணின் முட்டை எண்ணிக்கையும், பொரிக்கும் வீதமும் கடல் டைகரை விடக் குறைவாக இருப்பது நீண்ட காலப் பிரச்சினை. தாயாக முதிர்வதற்கும் ஒரு வருடமளவு பிடிக்கும். டைகரிலும் இப்போது சுற்று மூடப்பட்டு எஸ்.பி.எஃப். தாய்கள் விற்பனைக்கு வந்துள்ளன. ஆனால் வன்னாமி அளவுக்கு அது இலேசானதாக இருக்கவில்லை.

இதன் விளைவை உலகச் சந்தையில் கண்டோம். 2000களின் முதற்பாதியில் தாய்லாந்துப் பண்ணைகள் டைகரைக் கைவிட்டு வன்னாமிக்கு மாறின. இந்தியா 2009இல் எஸ்.பி.எஃப். தாய்களை இறக்குமதி செய்ய அனுமதித்தது. வரும் தாய்கள் எல்லாம் சென்னை நீலாங்கரையில் உள்ள தனிமைப்படுத்தும் நிலையத்தில் தங்கிப் பரிசோதனை முடிந்த பின்னரே ஹெச்சரிகளுக்குப் போக வேண்டும் என்று விதி போட்டது. பின்னர் இந்தியா உலகின் முதல்வரிசை இறால் ஏற்றுமதி நாடுகளுள் ஒன்றாகியது. இலங்கையிலும் கடந்த சில வருடங்களாக வன்னாமி வளர்க்கப்படுகிறது.

எஸ்.பி.எஃப். என்றால் தாயத்து அல்ல

இங்கே வியாபாரிகள் ஏமாறும் இடம் ஒன்றுண்டு. எஸ்.பி.எஃப். என்ற மூன்று எழுத்தைக் கேட்டதும் நோயே வராத இறால் என்று நினைத்துவிடுகிறார்கள். அது பிழை. எஸ்.பி.எஃப். என்பது பட்டியலில் உள்ள குறிப்பிட்ட நோய்கள் அந்த இறாலில் இப்போது இல்லை என்று மாத்திரமே சொல்கிறது. நோயை எதிர்க்கும் சக்தி அதற்கு உண்டு என்று சொல்லவில்லை. வெண்புள்ளி உள்ள குளத்தில் விட்டால் எஸ்.பி.எஃப். குஞ்சும் செத்துத்தான் போகும்.

பாதுகாப்பான நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் அந்தப் பெயரும் அதைவிட்டுப் போய்விடும். சுத்தமான தாயை வாங்கி வந்து, எங்கோ பிடித்த உயிர்க் கடற்புழுவைத் தீனியாகக் கொடுத்தால் அந்தப் புழுவோடு நோயும் வரலாம். இறாலின் வளர்ச்சியைக் குன்ற வைக்கும் ஈ.எச்.பி. என்ற நுண்ணுயிர் இப்படிப் புழு வழியாகத் தாய்க்குப் பரவியது தாய்லாந்தில் கண்டறியப்பட்டது.

எக்குவடோர் நாடு வேறு வழியில் போனது. 1999இல் வெண்புள்ளி அந்நாட்டுத் தொழிலை அடியோடு சாய்த்தது. அவர்கள் நோயில் தப்பிப் பிழைத்த இறால்களைப் பொறுக்கி எடுத்து, அவற்றிலிருந்து தலைமுறை தலைமுறையாகத் தாய்களைத் தெரிவு செய்தார்கள். குளத்தில் குஞ்சை நெருக்காமல் குறைவாக விட்டார்கள். இன்று உலகில் மிக அதிகமாக இறால் ஏற்றுமதி செய்வது அந்த நாடுதான். இரண்டு வழிகள் வேறாக இருந்தாலும் இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே. தாய் யாருடைய பிள்ளை என்பதை எழுதி வைத்துத் தெரிவு செய்வது.

எழுதி வைக்காமல் தாய் தயாரிப்பவர்களும் இருக்கிறார்கள். அறுவடைக் குளத்தில் பெரிதாகத் தெரிவதைப் பிடித்து அடுத்த தாயாக வைப்பது அவர்களின் முறை. மேலே போட்ட கணக்கை நினைத்துப் பாருங்கள். ஒரு குளத்தில் இருப்பவை பெரும்பாலும் ஒரு சில தாய்களின் பிள்ளைகள். அவற்றை ஒன்றோடொன்று சேர்த்தால் உடன்பிறப்புக்கள் கலக்கும். இரண்டு மூன்று தலைமுறைக்குள் வளர்ச்சி குறையும், தப்பும் வீதம் விழும். முறையான நிலையத்தில் பல குடும்பங்களைத் தனித்தனியாக வளர்த்து, ஒவ்வொரு தாய்க்கும் இலக்கமிட்ட அடையாளம் வைத்து, இன்ன குடும்பத்தை இன்ன குடும்பத்தோடு சேர்ப்பது என்று கணக்கு வைத்திருப்பார்கள். இது பெரிய முதலும் பயிற்சி பெற்ற ஆட்களும் வேண்டிய வேலை.

அப்படியானால் சிறு முதலாளிக்கு இடமில்லையா? இருக்கிறது. தாய் உருவாக்கும் வேலையைப் பெரிய நிலையங்களுக்கு விட்டுவிட்டு, அங்கிருந்து நோப்ளியஸ் வாங்கி வந்து பி.எல். வரை வளர்த்து விற்கும் சிறு ஹெச்சரிகள் தாய்லாந்திலும் இந்தோனேசியாவிலும் வீட்டுத் தொழிலாகவே நடந்திருக்கின்றன. சில தொட்டிகள், நல்ல கடல் நீர், பாசி வளர்க்கத் தெரிந்த ஒருவர் இருந்தால் தொடங்கலாம். நம்மவர்கள் கூட்டாகச் செய்யத்தக்க தொழில் இது என்பது என் கருத்து. ஆனால் அனுமதிப் பத்திரம் இல்லாமல் தொட்டி கட்டக்கூடாது.

கேட்க வேண்டிய கேள்விகள்

குஞ்சு வாங்குபவராக இருந்தாலும், ஹெச்சரியில் பங்கு சேர்பவராக இருந்தாலும், குளத்துக்காரருக்குக் கடன் கொடுப்பவராக இருந்தாலும் பின்வருவனவற்றைக் கேளுங்கள்.

1. தாய் கடலில் பிடித்ததா, நிலையத்தில் உருவானதா? நிலையத்தில் என்றால் எந்த நிலையம், எப்போது வந்தது, இறக்குமதிப் பத்திரமும் சுகாதாரச் சான்றிதழும் உண்டா?

2. தாய்கள் முட்டையிட்ட பின் பரிசோதிக்கப்பட்டனவா? நோய் கண்ட தாயின் முட்டைகளை என்ன செய்தார்கள்? அழித்தோம் என்பதே சரியான பதில்.

3. தாய்க்குக் கொடுக்கும் கடற்புழுவும் மட்டியும் எங்கிருந்து வருகின்றன? உறைய வைத்தவையா, உயிரோடு கொடுப்பவையா?

4. பி.சி.ஆர். சோதனைக்கு எத்தனை குஞ்சு எடுத்தார்கள்? இது முக்கியம். 150 குஞ்சுகளை எடுத்துச் சோதித்தால், கூட்டத்தில் 2 வீதத்துக்குத் தொற்று இருந்தாலும் கண்டுபிடிக்க 95 வீத வாய்ப்பு உண்டு. தொற்று 1 வீதமாக இருந்தால் ஏறக்குறைய ஐந்தில் ஒரு தடவை தப்பிவிடும். பத்துப் பதினைந்து குஞ்சை எடுத்துச் சோதித்த அறிக்கையைக் காட்டினால் அது பெயருக்கு ஒரு தாள்தான். சோதித்த தொட்டியும் நீங்கள் வாங்கும் தொட்டியும் ஒன்றா என்றும் பாருங்கள்.

5. குஞ்சு திடமானதா? உப்புத்தன்மையைத் திடீரென்று பாதியாகக் குறைத்த தண்ணீரில் நூறு குஞ்சை விட்டு எத்தனை தப்புகின்றன என்று உங்கள் கண் முன்னே எண்ணச் சொல்லுங்கள். நல்ல ஹெச்சரிக்காரர் இதற்கு முகம் சுளிக்க மாட்டார்.

6. என்ன மருந்து பாவித்தார்கள்? 2001, 2002ஆம் ஆண்டுகளில் ஆசிய நாடுகள் சிலவற்றின் இறாலில் குளோரம்பெனிக்கோல் எச்சம் இருப்பதைக் கண்டு ஐரோப்பிய ஒன்றியம் கடும் நடவடிக்கை எடுத்ததை ஏற்றுமதியாளர்கள் மறக்கவில்லை.

7. கண் தண்டை அகற்றுகிறார்களா? ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள இயற்கை உற்பத்தி விதிகள் இதைத் தடை செய்கின்றன. வளர்ப்பில் நன்கு பழகிய தாய்கள் கண் இருந்தபடியே முட்டையிடுகின்றன என்பதைச் சில நாடுகளின் ஹெச்சரிகள் காட்டியுள்ளன. நாளைய சந்தை இந்தக் கேள்வியைக் கேட்கப்போகிறது. உயிரினங்களை வதைப்பதை மார்க்கம் எப்படிப் பார்க்கிறது என்பதை அறிந்த நாம் அதை இன்றே கேட்பது பொருத்தம்.

கொடுக்கல் வாங்கலில் தெளிவு

தண்ணீருக்குள் இருக்கும் மீனைப் பிடிக்கும் முன்னரே விற்பதைக் கரர், அதாவது தெளிவற்ற நிலை உள்ள வியாபாரத்துக்கு உதாரணமாக நமது ஃபிக்ஹ் நூல்களில் காட்டுவார்கள். இறால் குஞ்சு வியாபாரத்தை நெருங்கிப் பார்க்கும்போது அந்த உதாரணம் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருகிறது. கண்ணுக்குத் தெரியாத நோய், கையால் எண்ண முடியாத தொகை, எவருக்கும் தெரியாத தாய். இவற்றின் மேல் இலட்சக்கணக்கில் முற்பணம் கைமாறுகிறது. எழுத்தில் எதுவும் இருப்பதில்லை.

நோயை முற்றாக நம்மால் ஒழிக்க முடியாது. ஆனால் தெளிவின்மையைக் குறைக்க முடியும். முற்பணம் கொடுக்கும்போதே இனம், பி.எல். வயது, எண்ணிக்கை, கையளிக்கும் நாள், பரிசோதனை அறிக்கை ஆகியவற்றை எழுதிக்கொள்ளுங்கள். அறிக்கையில் நோய் இருப்பதாக வந்தால் பணம் திரும்புமா, வேறு குஞ்சு வருமா என்பதையும் எழுதுங்கள். முழாரபா, முஷாரகா அடிப்படையில் பங்கு சேர்பவர்கள் நட்டத்தை யார் எப்படிச் சுமப்பது என்பதை, குளத்தில் குஞ்சு விடும் முன், விபரமறிந்த உலமாக்களிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். இறால் செத்த பின் பேசத் தொடங்கினால் கூட்டாளி விரோதியாகிவிடுவான்.

பண்ணைக்காரர்கள் எல்லோரும் தாயைப் பற்றிக் கேட்கத் தொடங்கினால் ஹெச்சரிகள் பதில் வைத்திருக்கத் தொடங்கும். மலிவான குஞ்சை மாத்திரம் கேட்டால் மலிவான தாயைத்தான் தேடுவார்கள். ஒரே கால்வாயின் தண்ணீரைப் பகிர்ந்துகொள்ளும் நமக்கு, பக்கத்துக் குளத்துக்காரர் எந்தத் தாயின் குஞ்சை விட்டார் என்பதும் நமது வியாபாரத்தில் ஒரு பங்குதான். அடுத்த பருவத்துக்கு முற்பணம் கொடுக்க முன், இன்ஷா அல்லாஹ், இந்தக் கேள்விகளைக் கையில் எடுத்துக்கொண்டு ஹெச்சரி வாசலுக்குப் போங்கள். வல்ல நாயன் நம் அனைவரினதும் தொழில்களில் பரக்கத் செய்வானாக.